ஒரே ஆள், இரண்டு கையெழுத்து

பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடப் புத்தகங்களை பிரெயிலில் அச்சிட்டு இலவசமாகக் கொடுக்கிற சின்ன அறக்கட்டளை எங்களுடையது. நான் அதன் செயலாளர். ஒரு நாள் லிஃப்ட் செய்யும் நிறுவனம் ஒன்று, பொத்தான்களுக்குப் பக்கத்தில் ஒட்ட பிரெயில் ஸ்டிக்கர் கிடைக்குமா என்று கேட்டது. செய்து கொடுத்தோம், காசும் வாங்கினோம். அப்புறம் ஒரு ஹோட்டல் மெனு கார்டு கேட்டது, ஒரு வங்கி படிவம் கேட்டது. மூன்றாவது வருடம் ஆடிட்டர் வரவுப் பக்கத்தில் ஒரு வரியில் விரலை வைத்து, "இது நன்கொடையா, வியாபாரமா?" என்றார். எங்களில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

துணை நிறுவனம் தொடங்கலாம் என்ற யோசனை அங்கேதான் வந்தது. வியாபாரத்துக்குத் தனியாக ஒரு கம்பெனி, பங்குகள் முழுவதும் அறக்கட்டளையின் கையில், வருகிற லாபம் மறுபடி அறக்கட்டளைக்கே. கேட்க எளிதாகத்தான் இருந்தது.

முதலில் நாங்கள் போன வழக்கறிஞர் கம்பெனி பதிவில் கைதேர்ந்தவர். ஒரே வாரத்தில் வரைவை அனுப்பிவிட்டார். எங்கள் நோக்கமும் விதிகளும் எழுதியிருக்கிற அறக்கட்டளைப் பத்திரத்தை அவர் கேட்கவே இல்லை. கையெழுத்துப் போட இரண்டு நாள் இருக்கும்போதுதான் வரைவை ஒழுங்காகப் படித்தேன். கம்பெனியின் நோக்கம் என்ற இடத்தில், எங்கள் துண்டறிக்கையில் இருந்த வரிகளை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார். 'பார்வையற்ற மாணவர்களுக்கு இலவசமாக வழங்குதல்.' விற்பதற்காகவே தொடங்குகிற கம்பெனிக்கு இலவசமாகக் கொடுப்பதுதான் நோக்கமாம்! அவரையும் ரொம்பக் குறை சொல்ல முடியாது. கம்பெனி வேண்டும் என்று கேட்டோம், கம்பெனி கொடுத்தார்.

இரண்டாவதாகப் போனது அறக்கட்டளை வழக்குகளிலேயே வருடக்கணக்காக இருக்கும் ஒரு அம்மையாரிடம். "முதலில் பத்திரத்தைக் கொண்டு வாருங்கள் சார், மற்றதெல்லாம் அப்புறம்" என்றார். நிதியைப் பற்றிய பிரிவை வாய்விட்டுப் படித்தார்: 'பாதுகாப்பான முதலீடுகளில் போடலாம்.' கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: "இன்னும் பிறக்காத கம்பெனி பாதுகாப்பான முதலீடா?"

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதை அன்றைக்குத்தான் உறைக்கிற மாதிரி கேட்டேன். இந்தியாவில் அறக்கட்டளை தன் பணத்தை எங்கே போடலாம் என்று 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 11(5) பிரிவு பட்டியலே போட்டது. சாதாரண தனியார் கம்பெனியின் பங்கு அந்தப் பட்டியலில் கிடையாது; வாங்கினால் வரிவிலக்குக்கே ஆபத்து. பிரிட்டனில் இதற்கு நேர்மாறு, துணை நிறுவனம் அங்கே சர்வசாதாரணம். அறக்கட்டளையின் நோக்கத்தோடு சேராத சிறு வியாபாரத்துக்கு அங்கே வரிவிலக்கு உண்டு என்றாலும், எவ்வளவு பெரிய அறக்கட்டளையானாலும் அந்த விலக்கின் உச்சவரம்பு ஆண்டுக்கு 80,000 பவுண்டுதான். அதைத் தாண்டுகிறவர்கள் தனி நிறுவனம் தொடங்கிவிடுகிறார்கள். அமெரிக்கக் கதை இன்னும் வேடிக்கை. 1947-இல் ஒரு மக்ரோனி கம்பெனி நியூயார்க் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியின் நலனுக்காக வாங்கப்பட்டது. லாபமெல்லாம் கல்விக்கு, ஆகவே வரி இல்லை என்பது வாதம். வரி கட்டுகிற போட்டியாளர்கள் சும்மா இருப்பார்களா? 1950-இல் அமெரிக்க நாடாளுமன்றம் அறப்பணிக்குச் சம்பந்தமில்லாத வியாபார வருமானத்துக்கு வரி கொண்டுவந்துவிட்டது.

"ஆகவே வேறு ஒருவரின் பத்திரத்தைப் பார்த்து எழுதாதீர்கள். எந்த நாட்டுச் சட்டத்துக்கு எழுதியது என்றே தெரியாது" என்றார் அம்மையார். எங்களுக்குப் பொருந்துகிற சட்டத்தில் வழி இருந்தது. ஆனால் பத்திரத்தில் ஒரு திருத்தம் செய்து, அதற்கு ஒப்புதல் வாங்கிய பிறகுதான் கம்பெனி என்ற பேச்சே. அதற்கு மூன்று மாதம் போனது. கம்பெனிப் பதிவு சில நாளில் முடிந்தது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

உண்மையான தகராறு இயக்குநர்கள் யார் என்பதில் வந்தது. அறக்கட்டளையை நடத்துகிற அறங்காவலர்கள் ஐந்து பேர். அதே ஐந்து பேரும் கம்பெனியிலும் இருக்கலாம் என்று நாங்களாகவே முடிவு செய்து வைத்திருந்தோம். அம்மையார் ஒத்துக்கொள்ளவில்லை. கம்பெனியில் இல்லாத அறங்காவலர் ஒருவராவது வேண்டும். அறங்காவலர் அல்லாத இயக்குநர் ஒருவராவது வேண்டும். கம்பெனி தடுமாறினால் அதற்கு மேலும் பணம் கொடுப்பதா, இழுத்து மூடுவதா என்று அறக்கட்டளை முடிவு செய்ய வேண்டிவரும். அன்றைக்கு ஐந்து பேரும் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தால் அறக்கட்டளைக்காகப் பேச யார் இருப்பார்கள்?

எங்கள் மூத்த அறங்காவலருக்குக் கோபம் வந்துவிட்டது. "இருபது வருஷமாகக் காசு வாங்காமல் உழைக்கிறோம். எங்களை நாங்களே நம்பக் கூடாதா?" என்றார். எனக்கும் உள்ளுக்குள் அப்படித்தான் இருந்தது. கடன் பத்திரம் வந்த பிறகுதான் மனம் மாறியது.

கம்பெனிக்கு ஆரம்பப் பணம் அறக்கட்டளையிலிருந்துதான் போக வேண்டும். சும்மா எடுத்துக் கொடுக்க முடியாது. கடன் என்றால் வெளியார் வாங்குகிற அளவு வட்டி, திருப்பித் தரும் தேதி, முடிந்தால் ஈடு, இவ்வளவும் வேண்டும். இந்தக் கடன் அறக்கட்டளைக்கு ஏன் நல்லது என்று தீர்மானப் புத்தகத்தில் காரணமும் எழுத வேண்டும். வரைவின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். இடது பக்கம் 'கடன் கொடுப்பவருக்காக' என்று போட்டுக் கீழே பொருளாளர் பெயர். வலது பக்கம் 'கடன் வாங்குபவருக்காக', அதன் கீழேயும் அதே பொருளாளர் பெயர். தட்டச்சு செய்தது நான்தான். அம்மையார் ஒன்றும் சொல்லாமல் தாளைப் பொருளாளர் பக்கம் நகர்த்தினார். அவர் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நான் தவணை கட்டவில்லை என்றால் என் மேல் நானே வழக்குப் போட வேண்டுமா?" என்றார். சிரித்துவிட்டோம். மூத்தவரும் சிரித்தார். அதற்குப் பிறகு ஐந்து பேர் பேச்சு எழவில்லை.

அந்தக் கடன் பத்திரத்துக்குக் கம்பெனியின் சார்பில் ஆலோசனை சொல்லவும் அம்மையார் மறுத்துவிட்டார். "நான் அறக்கட்டளையின் வக்கீல். கம்பெனி வேறு ஒருவரிடம் ஒரு தடவையாவது காட்டிக்கொள்ளட்டும்." அதற்கும் தனியாகக் கட்டணம் ஆனது. அப்போது வயிறு எரிந்தது, மறைக்கவில்லை.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பிரெயில் அச்சு இயந்திரம். அது அறக்கட்டளையின் சொத்து, நன்கொடையில் வாங்கியது. கம்பெனி அதில் ஸ்டிக்கர் அடித்தால் வாடகை கொடுத்தாக வேண்டும். அறை, மின்சாரம், இரண்டு வேலையும் பார்க்கிற ஊழியரின் சம்பளம் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். அறக்கட்டளையின் பெயரையும் சின்னத்தையும் கம்பெனி பயன்படுத்தவும் ஒப்பந்தம் தேவைப்பட்டது. இப்போது இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு நூலில் கட்டித் தொங்குகிறது. தேதி, தாள் எண்ணிக்கை, யாருக்காக. இயந்திரம் ஓட்டும் தம்பிக்கு முதல் மாதம் எரிச்சல்தான். பிறகு அவரே பாடப் புத்தகத்துக்கு நீல மை, கம்பெனி வேலைக்குச் சிவப்பு மை என்று பிரித்துக்கொண்டார்.

லாபத்தைத் திருப்பிக் கொடுப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பிரிட்டனில் கணக்காண்டு முடிந்து 9 மாதத்துக்குள் தாய் அறக்கட்டளைக்கு நன்கொடையாகக் கொடுத்தால், வரிக் கணக்கில் அந்த ஆண்டின் லாபத்திலேயே அதைக் கழித்துக்கொள்ளலாம். ஆசைப்பட்டு அவ்வளவையும் கொடுத்துவிட்டால் அடுத்த மாதம் தாள் வாங்கக் கம்பெனியிடம் காசு இருக்காது. மறுபடி அறக்கட்டளையிடம்தான் கடன் கேட்டு நிற்கும். நாங்கள் எவ்வளவு நிறுத்திவைப்பது என்பதை ஒவ்வொரு வருடமும் இயக்குநர் கூட்டத்தில் பேசித் தீர்மானமாக எழுதுகிறோம்.

வக்கீல் செலவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒன்று. மொத்தமாக ஒரு தொகை பேசாமல் கட்டம் கட்டமாகப் பேசுங்கள்: பத்திரத்தைப் படித்துக் கருத்துச் சொல்ல இவ்வளவு, திருத்தத்துக்கு இவ்வளவு, ஒப்பந்தங்களுக்கு இவ்வளவு என்று. முதல் கட்டத்திலேயே அவர் உங்களுக்குக் கம்பெனியே வேண்டாம் என்று சொல்லக்கூடும். எங்களிடமும் அதைத்தான் முதலில் கேட்டார்: இந்த வியாபாரம் வருமா, நிற்குமா? விற்பனை சிறியதாகவே இருக்கும் என்றால் இரண்டு கணக்கு, இரண்டு தணிக்கை என்று இழுத்துக்கொள்ள வேண்டியதில்லை. போவதற்கு முன் யார், என்ன விற்கிறோம், யாருக்கு, எவ்வளவு என்று ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு போனேன். அந்த ஒரு பக்கம் இரண்டு சந்திப்பை மிச்சப்படுத்தியது.

போன மாதம் அறக்கட்டளைக் கூட்டம் முடிந்ததும் கையெழுத்துப் போட்டுப் புத்தகத்தை மூடினோம். மூத்தவர் எழுந்து வெளியே போனார். வெளியே காத்திருந்த புது இயக்குநர் உள்ளே வந்தார். அதே மேசையில், அதே நாற்காலிகளில் கம்பெனிக் கூட்டம் தொடங்கியது. முதல் தீர்மானம் இயந்திர வாடகை. அறக்கட்டளை அனுப்பிய பில்லில் சிவப்பு மைத் தாள்கள் பன்னிரண்டு கூடுதலாக இருக்கின்றன என்று பொருளாளர் எழுந்து ஆட்சேபம் சொன்னார். பில் போட்டதும் அவர்தான்.