தார் எஸ் சலாமிலிருந்து அக்கா வீட்டுக்கு

அக்கா கென்யாவின் நைரோபியில் இருக்கிறாள். எனக்குத் தான்சானியாவின் தார் எஸ் சலாமில் வேலை கிடைத்ததும் அம்மாவுக்குத்தான் பெரிய நிம்மதி. "பக்கத்துலதானே அக்கா இருக்கா, ஒண்ணுன்னா ஓடிப் போயிடலாம்" என்றாள். வரைபடத்தில் பார்த்தால் அம்மா சொன்னது சரிதான். நேர்கோட்டில் சுமார் 670 கிலோமீட்டர், விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம், இரண்டு ஊருக்கும் கடிகாரமும் ஒன்றே. ஆனால் நடுவில் ஒரு நாட்டின் எல்லை இருக்கிறது. டிக்கெட் விலையைப் பார்த்ததும் முதல் தடவை பஸ்ஸிலேயே போகலாம் என்று முடிவு செய்தேன்.

சாலை வழியாக 900 கிலோமீட்டருக்கு மேல். டிக்கெட்டில் பேனாவால் 12.00 என்று எழுதிக் கொடுத்தார்கள். பதினொன்றரைக்கே பையோடு போய் நின்றேன். பஸ் விடியற்காலை ஆறு மணிக்கே போய்விட்டது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கவுண்ட்டரில் இருந்த அம்மா என் கையைப் பிடித்து, என் கடிகாரத்தில் 6-ஐ விரலால் தொட்டு, "கூமி நா ம்பிலி" என்று நிதானமாகச் சொன்னார். அப்படியென்றால் பன்னிரண்டு.

இங்கே பேசும் சுவாஹிலி மொழியில் பகலின் மணியைப் பொழுது விடிவதிலிருந்து எண்ணுகிறார்கள். நமக்குக் காலை ஏழு என்றால் அவர்களுக்கு 'சா மோஜா', மணி ஒன்று. நமக்கு ஆறு, அவர்களுக்குப் பன்னிரண்டு. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் வருஷம் முழுக்கச் சூரியன் ஏறக்குறைய ஒரே நேரத்தில் உதிப்பதால் இந்தக் கணக்கு இங்கே பிசகுவதில்லை. ஜாதகம் எழுதும் தாத்தாவும் உதயத்திலிருந்துதான் நாழிகை எண்ணுவார். அது நினைவுக்கு வந்ததும் அழுகை நின்றது. மறுநாளுக்கு வேறு சீட்டு எழுதி வாங்கிக்கொண்டேன்.

அந்தப் பயணம் விடியலில் தொடங்கி இருட்டும் வரை நீண்டது. ஊர் வரும் இடமெல்லாம் வேகம் 50-ஐத் தாண்டக் கூடாது என்பதால் பஸ் தவழ்ந்துதான் போனது. கொரோக்வே பக்கம் வரிசை வரிசையாக நார்க்கற்றாழைத் தோட்டங்கள், அப்புறம் மோஷி, அருஷா. நமாங்கா எல்லையில் இரண்டு நாட்டு முத்திரையும் ஒரே கட்டிடத்தில் குத்திவிடுகிறார்கள். இறங்கியபோது கால் வீங்கியிருந்தது.

இப்போது முன்கூட்டியே பதிவு செய்து விமானத்தில்தான் போகிறேன். பறப்பது ஒன்றேகால் மணி நேரம் என்றாலும், ஊர் நெரிசல், பரிசோதனை, குடியேற்ற வரிசை எல்லாம் சேர்த்து வாசலிலிருந்து வாசலுக்கு ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையைப் பாஸ்போர்ட்டுக்குள்ளேயே வைத்திருங்கள். கென்யாவிலிருந்து திரும்பி வரும்போது தான்சானியாவில் கேட்பார்கள்.

போகும்போது இடது பக்க ஜன்னலைக் கேட்டு வாங்குங்கள். பாதி தூரம் தாண்டியதும், மேகம் மறைக்காவிட்டால், கிளிமஞ்சாரோ வரும். 5,895 மீட்டர். பனி மூடிய அந்த உச்சி இறக்கைக்கு அந்தப் பக்கம் அவ்வளவு கிட்டத்தில் நிற்கும். அது பின்னால் போனதும் பெல்ட் போடச் சொல்வார்கள். காலை இட்லியை இங்கே சாப்பிட்டுக் கிளம்பினால் மதியச் சோற்றுக்கு அக்கா வீட்டில் இருப்பேன். இறங்கியதும் போன் போட்டு ரசத்தைச் சூடு பண்ணச் சொல்லிவிடுவேன்.