410-லேயே அடம்பிடித்த சார்ஜர்

நான் கட்டிய பேட்டரி சார்ஜர், 500 மில்லி ஆம்பியர் கேட்டால் 410 தருகிறது. மூன்று நாளாக இதே கதை. நேற்று ராத்திரிதான் திருடன் பிடிபட்டான்.

12 வோல்ட், 7 ஏஎச் (ஆம்பியர்-மணி) லெட் ஆசிட் பேட்டரி. பழைய லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டர். நடுவில் கரண்டைக் கட்டிப்போட எல்எம்317 என்ற மூன்று கால் ரெகுலேட்டர் ஐசி. அவுட்புட் காலுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் நடுவே எப்போதும் 1.25 வோல்ட் வைத்திருக்கும், அங்கே போடும் ரெசிஸ்டர்தான் கரண்டை முடிவுசெய்யும். 1.25-ஐ ஓமால் வகுக்கும் வழக்கமான கணக்குதான். 2.5 ஓம் ஒற்றையாகக் கிடைக்காதே, அதனால் 10 ஓம், ஒரு வாட் ரெசிஸ்டர் நான்கைப் பேரலலாகப் போட்டேன்.

முதலில் ஐசி போலி என்று முடிவுகட்டி மூன்றை மாற்றினேன். மூன்றும் 410. அப்புறம் மல்டிமீட்டரைத் திட்டினேன். பாவம், அது உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில் ரெசிஸ்டரின் இரண்டு கால்களிலேயே முனைகளை வைத்து அளந்தேன்: 1.03 வோல்ட். ஐசியின் அவுட்புட் காலிலிருந்து அட்ஜஸ்ட் கால் வரை அளந்தால் 1.25. நடுவில் 0.22 வோல்ட்டை யார் தின்றது? சால்டர் இல்லாமல் பாகங்களைச் செருகிப் பார்க்கும் பிரெட்போர்டு! தளர்ந்துபோன கிளிப், ஜம்பர் ஒயர் எல்லாம் சேர்ந்து அரை ஓமுக்கு மேல். வேறு சர்க்யூட்டில் இதைக் கண்டுகொள்ளவே மாட்டோம், 2.5 ஓமை நம்பி நிற்கிற இடத்தில் அதுவும் ரெசிஸ்டர்தான்.

போதாக்குறைக்கு அட்ஜஸ்ட் ஒயரை ஒரு ஜம்பர் தள்ளி, டயோடு பக்கத்து வரிசையில் செருகியிருந்தேன். அந்த ஒயரில் ஓடுவது 50 மைக்ரோ ஆம்பியர்தான், அது எவ்வளவு மெலிதாக இருந்தாலும் கவலையில்லை. எந்தப் புள்ளியில் தொடுகிறது என்பதுதான் விஷயம். ரெசிஸ்டர்களை அவுட்புட் காலிலேயே நேராகச் சால்டர் வைத்து, அட்ஜஸ்ட் ஒயரை அவற்றின் மறுமுனையிலேயே பற்றவைத்தேன். 498! இருபது நிமிடம் கழித்தும் 496.

சந்தோஷத்தில், ஐசிக்கும் சூட்டை வாங்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே கரண்டைத் தடுக்க வைக்கும் மைக்கா தகட்டை மறந்தேன். ஐசியின் உலோக முதுகு அவுட்புட்டோடு சேர்ந்தது, ஹீட்சிங்க் பெட்டியில் பட்டது, பெட்டியோ நெகட்டிவ். அடாப்டர் விளக்கு பொசுக்கென்று அணைந்தது. பேட்டரிக்கு முன்னால், கரண்டை ஒரு பக்கம் மட்டுமே விடும் டயோடு இருந்ததால் தப்பித்தேன். இல்லையென்றால் பேட்டரி திரும்பி அந்த 2.5 ஓம் வழியாகவே கொட்டி நான்கு ரெசிஸ்டரையும் கருக்கியிருக்கும். மைக்கா இப்போது பழைய பவர் சப்ளை ஒன்றிலிருந்து உரித்தது. அந்த மாதிரி செத்த போர்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள், வாட் ரெசிஸ்டருக்கு அதைவிட நல்ல சுரங்கம் இல்லை.

பேட்டரி 14.4 வோல்ட்டை எட்டியதும் சார்ஜ் தானாக நிற்கும் வேலை பாக்கி. இன்னொரு 317-ஐத் தொடராகப் போட 19 வோல்ட் பத்தாது. ஒரே 317-ஐ வோல்டேஜுக்கு வைத்து, ஒரு ட்ரான்சிஸ்டர் அட்ஜஸ்ட் காலைக் கீழே இழுத்துக் கரண்டைக் குறைக்கும் முறை டேட்டாஷீட்டிலேயே இருக்கிறது. ஆனால் அந்த ட்ரான்சிஸ்டர் விழித்துக்கொள்ளும் 0.6 வோல்ட், சூடு ஏற ஏற டிகிரிக்கு 2 மில்லி வோல்ட் இறங்கும். ஹீட்சிங்கை விட்டுத் தள்ளி வைத்துப் பார்க்க வேண்டும்.

அதுவரை காவல் நான்தான். இதை எழுதும்போது பேட்டரி 13.6 வோல்ட்.