விபத்துக்குப் பிறகு எடுக்கும் ரத்தம்

குடித்துவிட்டு ஓட்டினால் என்ன ஆகும் என்று இங்கிலாந்தில் கார் ஓட்டும் எல்லோருக்கும் தெரியும். போதைப்பொருள் எடுத்துவிட்டு ஓட்டினால் என்ன சட்டம் என்பது அவ்வளவாகத் தெரிவதில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

விபத்து என்றாலே போதும், சந்தேகம் இல்லாவிட்டாலும் போலீஸ் அந்த இடத்திலேயே எச்சில் எடுத்துச் சோதிக்கலாம். அதில் கஞ்சாவும் கொக்கைனும் தெரியும். ஆனால் வழக்கு நிற்பது ரத்தப் பரிசோதனையில்தான். 2015 மார்ச்சில் வந்த சட்டப்படி, ஒரு லிட்டர் ரத்தத்தில் கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சி 2 மைக்ரோகிராமைத் தாண்டினாலே குற்றம். "நான் நிதானமாகத்தான் ஓட்டினேன்" என்ற பேச்சே எடுபடாது.

அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தால்? சிகிச்சை தரும் மருத்துவர் தடுக்காவிட்டால் அங்கேயே ரத்தம் கேட்பார்கள். நினைவில்லாதவரிடமும் எடுத்து வைக்கலாம். ஆனால் அவர் கண்விழித்துச் சம்மதித்த பிறகே பரிசோதிப்பார்கள். காரணமில்லாமல் மறுத்தால் அதுவே தனிக் குற்றம். சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது, மயங்கிக் கிடப்பவரின் உரிமையையும் மறக்கவில்லை.

முடிவு வர வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் ஆகும். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றால் விட்டுவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. குற்றம் உறுதியானால் குறைந்தது 12 மாதம் லைசென்ஸ் போகும். அதோடு அபராதம், 6 மாதம் வரை சிறை. போதைப்பொருள் வரம்பைத் தாண்டிய நிலையில் கவனக்குறைவாக ஓட்டி ஒருவர் உயிர் போயிருந்தால் ஆயுள் தண்டனை வரைக்கும் போகலாம்.

அப்புறம், பதற்றத்தைக் குறைக்கத் தரும் டயஸெபாம் போன்ற மாத்திரைகளுக்கும் வரம்பு உண்டு. மருத்துவர் சொன்னபடி சாப்பிடுபவருக்குச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. மருந்துச் சீட்டைக் காரிலேயே வைத்திருங்கள். தலை கிறுகிறுத்தால் மட்டும், சீட்டு இருந்தாலும் தயவுசெய்து ஓட்டாதீர்கள்.