எதில் மூன்றில் இரண்டு?

சிங்கப்பூர் நாடாளுமன்றச் செய்தியைத் தமிழில் எழுதும்போது தவறு பெரும்பாலும் கடினமான சொல்லில் நேர்வதில்லை. ‘மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மை’ என்ற பழகிப்போன தொடரில்தான் நேர்கிறது. எதில் மூன்றில் இரண்டு என்று யாரும் நின்று பார்ப்பதில்லை.

சிங்கப்பூர் அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தும் மசோதாவுக்கு, 5ஆம் பிரிவின்படி, இரண்டாம் வாசிப்பிலும் மூன்றாம் வாசிப்பிலும் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரவு தர வேண்டும். அந்த மொத்தத்தில், தேர்தலில் நிற்காமல் அதிபரால் நியமிக்கப்படும் நியமன உறுப்பினர்கள் இல்லை. தோற்றாலும் அதிக வாக்கு பெற்றதால் இடம் பெறும் எதிர்க்கட்சியினரான தொகுதியில்லா உறுப்பினர்கள் உண்டு. 2025 பொதுத்தேர்தலில் தேர்வானவர்கள் 97 பேர், தொகுதியில்லா உறுப்பினர்கள் இருவர், ஆகக் கூடி 99. தேவையான ஆதரவு 66. நியமன உறுப்பினர்களுக்கான உச்ச வரம்பான ஒன்பதையும் கூட்டி 108 என்று வைத்தால் 72 வரும். அது தவறான கணக்கு. அன்று வந்தவர்களை மட்டும் எண்ணுவது அதைவிடப் பெரிய தவறு. 70 பேர் வந்து 60 பேர் ஆதரித்தால், வந்தவர்களில் ஏழில் ஆறு பங்கு ஆதரவு. அப்படியும் மசோதா தோற்கும். இங்கே, வராத உறுப்பினர் எதிர்த்து வாக்களித்தவருக்குச் சமம்.

சாதாரண மசோதாவுக்கு வந்து வாக்களித்தவர்களில் பெரும்பான்மை போதும். இருபுறமும் சமமானால் தோல்விதான்.

இன்னொரு மூன்றில் இரண்டும் இருக்கிறது, அதற்கு நாடாளுமன்றம் மட்டும் போதாது. நாட்டின் இறையாண்மையை விட்டுக்கொடுப்பதற்கோ, காவல்துறை, ஆயுதப்படை ஆகியவற்றின் மீதான கட்டுப்பாட்டைக் கைவிடுவதற்கோ பொதுவாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும். அதில் பதிவான வாக்குகளில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவாக இருக்க வேண்டும். ‘வாக்காளர்களில் மூன்றில் இரண்டு’ என்று எழுதினால் வாக்களிக்காதவர்களையும் சேர்த்ததாகிவிடும். காவல்துறையும் இந்தப் பாதுகாப்பில் அடங்குகிறது என்பது பலருக்கும் நினைவிருப்பதில்லை.

அடுத்தது நேரத்தோடு போட்டிபோடும் இரவுச் செய்தியில் நேரும் தவறு. மூன்றாம் வாசிப்பு முடிந்ததும் ‘புதிய சட்டம் நடப்புக்கு வந்தது’ என்று தலைப்பு போகிறது. நிறைவேறியது மசோதா மட்டுமே. அவையை நடத்தும் மன்ற நாயகர் அதைச் சிறுபான்மை உரிமைகளுக்கான அதிபர் மன்றத்துக்கு அனுப்புவார். எந்த இனத்தையோ சமயத்தையோ பாரபட்சமாகப் பாதிக்கும் அம்சம் இருக்கிறதா என்று பார்த்து 30 நாளுக்குள் அந்த மன்றம் அறிக்கை தர வேண்டும். பாதகமான அறிக்கை வந்தால் நாடாளுமன்றம் மசோதாவைத் திருத்தலாம், அல்லது மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் அந்த அறிக்கையைக் கடந்து போகலாம். வரி, அரசுச் செலவு பற்றிய பண மசோதாக்களும், தற்காப்பு, பாதுகாப்பு, பொது ஒழுங்கு சார்ந்தவை அல்லது அவசரமானவை என்று பிரதமர் சான்றளிக்கும் மசோதாக்களும் இந்த வழியில் போவதில்லை. மற்றவற்றுக்கு அந்த ஆய்வு முடிந்த பிறகே அதிபரின் ஒப்புதல், அரசிதழில் வெளியீடு, நடப்புக்கு வரும் தேதி. நிறைவேறும் நாளுக்கும் நடப்புக்கு வரும் நாளுக்கும் இடையே பல மாதங்கள் போவதும் உண்டு. ‘மசோதா நிறைவேறியது’ என்ற இரண்டு சொற்கள் போதும். அதற்கு மேல் சேர்ப்பதெல்லாம் பிழைக்கு இடம் கொடுக்கும்.

எல்லாவற்றையும்விடக் கவலை தருவது தமிழ்நாட்டிலிருந்து வரும் சட்டத் தமிழ். நம் கையில் இருக்கும் நல்ல கலைச்சொற்களில் பெரும்பகுதி அங்கே உருவானது, அதற்கு நன்றி சொல்ல வேண்டும். மன்ற நாயகரைச் ‘சபாநாயகர்’ என்றோ அதிபரைக் ‘குடியரசுத் தலைவர்’ என்றோ எழுதிவிட்டால் வாசகருக்கு உறுத்தும், திருத்திவிடலாம். உறுத்தாமல் நுழைவதுதான் ஆபத்து. பேச்சுரிமை பற்றி எழுதும்போது ‘நியாயமான கட்டுப்பாடுகள்’ என்ற தொடரைக் கை தானாகவே எழுதிவிடுகிறது. அது இந்திய அரசமைப்பின் 19ஆம் பிரிவுக்குரிய தொடர். சிங்கப்பூரின் 14ஆம் பிரிவில் ‘நியாயமான’ என்ற சொல் கிடையாது. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்றவற்றுக்காக ‘அவசியம் அல்லது உகந்தது என்று நாடாளுமன்றம் கருதும்’ கட்டுப்பாடுகளைச் சட்டத்தின் மூலம் விதிக்கலாம் என்றுதான் அது சொல்கிறது. ‘உகந்தது’ என்பதையோ ‘கருதும்’ என்பதையோ விட்டுவிட்டால், நாடாளுமன்றத்தின் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதே வாசகருக்குத் தெரியாமல் போகும். தமிழில் மட்டும் செய்தி படிக்கும் ஒருவருக்கு அவருடைய உரிமையின் அளவையே மாற்றிச் சொன்னதாகிவிடும்.

அரசமைப்பின் ‘அடிப்படைக் கட்டமைப்பை’ நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்ற வரியும் இப்படித்தான் வந்து உட்காருகிறது. அது இந்திய உச்ச நீதிமன்றம் 1973இல் வகுத்த கோட்பாடு. விசாரணையின்றிச் சிறைவைக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத் தடுப்புக்காவலை நீதிமன்றம் ஆராயலாம் என்று இங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் 1988 டிசம்பரில் தீர்ப்பளித்தபோது, 1989 ஜனவரியில் நாடாளுமன்றம் அரசமைப்பையே திருத்தி அந்த ஆய்வைச் சுருக்கியது. இந்தியக் கோட்பாட்டைக் காட்டி அந்தத் திருத்தத்தை எதிர்த்த வழக்கில், அது இங்கே பொருந்தாது என்று உயர் நீதிமன்றம் அதே ஆண்டில் சொன்னது.

அதற்காக நாடாளுமன்றம் எதையும் செய்யலாம் என்று எழுதுவதும் பிழை. பிரிட்டனில் நாடாளுமன்றமே உச்சம். இங்கே 4ஆம் பிரிவின்படி அரசமைப்பே உச்சம். அதற்கு முரணான சட்டம், முரண்படும் அளவுக்குச் செல்லாது. நேற்று குற்றமாக இல்லாத ஒரு செயலுக்கு இன்று சட்டம் இயற்றித் தண்டனை தர முடியாது என்று 11ஆம் பிரிவு தடுக்கிறது. அந்தத் தடையை நீக்க வேண்டுமானால் முதலில் அரசமைப்பைத் திருத்த வேண்டும், அதற்கு 66 பேர் ஆதரிக்க வேண்டும்.