முதலில் ஆறு, அப்புறம் மலை: தீர்த்தமலை போகிறவர்களுக்கு

தருமபுரி மாவட்டத்துச் சிவத்தலமான தீர்த்தமலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் அரூரிலிருந்து நேராக அடிவாரத்தில் வந்து இறங்குகிறார்கள். மேலே ஏறி, ராமர் தீர்த்தத்தில் தலையை நனைத்து, சுவாமியைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் முறை வேறு. முதலில் தென்பெண்ணைக் கரையில் அனுமன்தீர்த்தத்தில் முழுக்கு, அப்புறம்தான் மலை. இரண்டுக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான் தூரம். இந்த வரிசையில் போனால் தலபுராணமும் விளங்கும், இந்த வட்டாரத்தின் நிலமும் நீரும் சேர்ந்தே விளங்கும்.

இராவண வதம் முடிந்து திரும்பும் இராமர் இங்கே சிவபூஜை செய்ய நினைத்தார். காசியிலிருந்து கங்கை நீர் கொண்டுவர அனுமனை அனுப்பினார். பூஜை நேரம் நெருங்கியும் அனுமன் வந்து சேரவில்லை. இராமர் மலையில் அம்பு எய்தார்; பாறையிலிருந்து நீர் பீறிட்டது. அதைக் கொண்டே அபிஷேகத்தை முடித்தார். பிந்தி வந்த அனுமன் வருத்தத்தில் கங்கைக் கலசத்தை வீசி எறிய, அது விழுந்த இடம்தான் ஆற்றங்கரை அனுமன்தீர்த்தம். அனுமன் மனம் குளிர வேண்டும் என்பதற்காக அவர் கொண்டுவந்த நீரில் முதலில் குளித்துவிட்டு மலைக்கு வரவேண்டும் என்று இராமரே சொன்னதாக ஐதீகம். முறை பிறந்த கதை இதுதான்.

இப்போதைய எல்லைப்படி மலை தருமபுரி மாவட்டம் அரூர் வட்டம். அனுமன்தீர்த்தம் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரை வட்டம். 1965 அக்டோபர் 2இல் சேலத்திலிருந்து தருமபுரி பிரிந்தபோது இரண்டும் ஒரே மாவட்டத்தில்தான் இருந்தன. 2004 பிப்ரவரி 9இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. ஒரே தலபுராணத்துக்கு இரண்டு மாவட்டம் என்றாகிவிட்டது.

ஆற்றில் இறங்குவதற்கு முன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். கர்நாடகத்தின் நந்திமலைப் பக்கம் பிறக்கும் தென்பெண்ணை, ஓசூர் கெலவரப்பள்ளி அணையையும் கிருஷ்ணகிரி அணையையும் கடந்துதான் இங்கே வருகிறது. கீழே சாத்தனூர் அணை. ஆகவே இந்த ஊரில் வானம் வெளுத்திருந்தாலும் மேலே அணை திறந்தால் ஆறு பெருகும். கிளம்பும் முன் கிருஷ்ணகிரி அணையில் நீர் திறப்பு அறிவிப்பு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாட்களை அடுத்து வரும் வாரங்களில் படுகையின் பள்ளமும் மேடும் இடம் மாறிவிடும். போன தடவை முழங்கால் ஆழம் இருந்த இடம் இந்தத் தடவை கழுத்தளவு இருக்கலாம். நீச்சல் தெரிந்தவர்களும் கரையோரம் உட்கார்ந்து சொம்பில் மொண்டு ஊற்றிக்கொள்வதே நல்லது. பாசி படிந்த பாறையில் குதிகாலை முதலில் ஊன்றினால் வழுக்கும். பாதம் முழுவதையும் பதித்து வையுங்கள். ஆற்று நீரைத் தீர்த்தமென்று குடிக்க வேண்டாம், தலையில் தெளித்துக்கொண்டால் போதும். பரிகாரமென்று உடுத்திய துணியை ஆற்றில் விடுவது எந்தப் புராணத்திலும் சொல்லப்படாத வழக்கம். அந்தத் துணி பாறை இடுக்கில் சிக்கி, அடுத்து இறங்குகிறவர் காலைச் சுற்றுகிறது.

கரையிலுள்ள ஈசனைக் கும்பிட்டு, ஈரத்துணியை மாற்றிக்கொண்டே மலைக்குப் புறப்படுங்கள். ஈர வேட்டியோடு படி ஏறினால் தொடை உரசிப் புண்ணாகும். இறங்கும்போதுதான் எரிச்சல் தெரியும்.

வந்து சேர்வது கடினமில்லை. ரயிலில் வருகிறவர்கள் ஜோலார்பேட்டை–சேலம் பாதையில் மொரப்பூரில் இறங்கி அரூருக்குப் பேருந்து பிடிக்கலாம். சேலத்திலிருந்து மஞ்சவாடிக் கணவாய் வழியாகவும் திருவண்ணாமலையிலிருந்து தானிப்பாடி வழியாகவும் சாலை இருக்கிறது. அரூரிலிருந்து தீர்த்தமலை ஏறத்தாழ 16 கிலோமீட்டர். கோபாலபுரம் கூட்டுறவு சர்க்கரை ஆலை அரைவையில் இருக்கும் மாதங்களில் இந்தச் சாலைகளில் கரும்பு டிராக்டர்கள் வரிசையாகப் போகும். பல டிராக்டர்களுக்குப் பின்விளக்கு இருக்காது. இருட்டில் ஓட்டுகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

அரூர் வட்டாரம் வெறும் வழித்தங்கல் ஊர் இல்லை. சேர்வராயன் மலையிலிருந்து இறங்கும் வாணியாறு இந்தப் பக்கமாக ஓடித்தான் பெண்ணையில் சேருகிறது. தென்கிழக்கே சித்தேரி மலை. அதியமான்களின் தகடூர் நாட்டில் தொடங்கி, பல்லவர், நுளம்பர், சோழர், ஒய்சளர், விஜயநகரம், மைசூர் என்று கைமாறி, 1792இல், பாராமகால் என்று அழைக்கப்பட்ட பகுதியோடு சேர்ந்து, கிழக்கிந்தியக் கும்பெனியாரிடம் போனது இந்த மண். வயல் வரப்புகளில் நிற்கும் நடுகற்களும் தென்கரைக்கோட்டையின் இடிந்த மதிலும் அந்தக் காலங்களின் மிச்சம். தென்கரைக்கோட்டைக்குள் கல்யாணராமர் கோயில் இருக்கிறது. தட்டினால் ஒலிக்கும் தூண்களைப் பார்க்கவாவது திரும்பும் வழியில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இந்த வட்டாரத்தில் இராமர் எவ்வளவு ஊன்றியிருக்கிறார் என்பது அங்கே தெரியும். தீர்த்தமலைக் கோயிலிலும் சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. அருணகிரிநாதர் இந்த மலை முருகனைத் திருப்புகழில் பாடியிருக்கிறார்.

நிதானமாக ஏறினால் மலைக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். மூட்டுவலிக்காரர்களுக்கு இன்னும் கூடும். கோடையில் காலை எட்டு மணிக்குள் பாதி தூரமாவது தாண்டியிருக்க வேண்டும். அதற்குக் காரணம் இந்த மலையின் கல்தான். 19ஆம் நூற்றாண்டில் சேலம் பகுதியின் இரும்புத் தாதுப் படுகைகளை நிலவியலாளர்கள் தொகுதி தொகுதியாகப் பிரித்தபோது, கஞ்சமலை, கோதுமலை, கொல்லிமலையோடு தீர்த்தமலையையும் சேர்த்தார்கள். இந்த மலைப்பக்கத்துக் கல் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். கறுப்பு வரியும் வெளிர் வரியும் மாறி மாறி ஓடும். அளவுக்கு மீறிக் கனக்கும். காந்தத்தைக் காட்டினால் ஒட்டும். கறுத்த கல் வெயிலை வாங்கிவைத்துக்கொள்ளும். பதினோரு மணிக்கு மேல் வெறுங்காலோடு நடந்தால் கொப்புளம்தான்.

குரங்குகள் அதிகம். பிளாஸ்டிக் பை சலசலத்தாலே வந்து பறிக்கும். தேங்காய், பழம், பூவைக் கனமான துணிப்பையில் போட்டு வாய் கட்டி, தோளில் மாட்டாமல் மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். பறித்துவிட்டால் விட்டுவிடுங்கள். திரும்ப இழுத்தால் கடிக்கும். ஊசி போட அரூருக்கு ஓட வேண்டியிருக்கும்.

மேலே ராமர், அகத்தியர், குமாரர், கௌரி, அக்னி என ஐந்து தீர்த்தங்கள். குளிக்க உகந்தது ராமர் தீர்த்தம். தலைக்கு மிக உயரத்தில் பாறை விளிம்பிலிருந்து விழுகிறது. மழைக்காலத்தில் கயிறு போலத் திரண்டு இறங்கும். சித்திரையில் நூலாக மெலிந்து, பாதி வழியில் காற்றில் சிதறித் தூவானமாக வரும், ஆனால் அறுபடாது. அப்போது அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தால் முகத்தில் ஒரு பக்கம்தான் நனையும். காற்று அடங்கும் வரை அசையாமல் நின்றால் நீர் உச்சந்தலைக்கு வந்து சேரும். உடல் சிலிர்த்துவிடும். மலை உச்சியில் பெய்யும் மழை பாறையின் விரிசல்களில் இறங்கி, அடியிலிருக்கும் இறுகிய கல்லைத் துளைக்க முடியாமல் பக்கவாட்டில் நகர்ந்து, வழி கிடைத்த இடத்தில் வெளியே வருகிறது. விரிசல் குறுகலாக இருப்பதால் மெதுவாக வருகிறது. மெதுவாக வருவதால் கோடையிலும் தீர்வதில்லை. இராமர் அம்பு எய்த இடத்தில் இப்படியொரு விரிசல் இருப்பது பக்திக்குக் குறைவு இல்லை. இறைவன் வழியைத் திறக்கும் விதமே அதுதான் என்று கும்பிடலாம்.

ஆகவே இங்கே சோப்பும் ஷாம்பும் கூடவே கூடாது. வழிந்தோடும் நீர் கீழே மக்களும் மாடும் குடிக்கிற நீர்.

மற்ற நான்கில் ஒரு கை அள்ளித் தெளித்துக்கொண்டு, பிறகு தீர்த்தகிரீசுவரர், வடிவாம்பிகை தரிசனம். வயிற்றுக் கோளாறு தீர அகத்தியர் தீர்த்தத்தை நம்பி வருகிறவர்கள் நிறைய. வீட்டுக்கு எடுத்துப்போக ஒரு லிட்டர் பாட்டில் ஒன்று போதும். ஐந்து லிட்டர் கேனோடு இறங்கினால் முழங்கால் படும் பாடு இரண்டு நாள் போகாது.

ஆடிப்பெருக்கன்றும் மாசித் திருவிழாவின் தேர் நாளன்றும் ஆற்றிலும் மலையிலும் இடமே இருக்காது. அன்றைக்குத்தான் வரவேண்டும் என்ற வேண்டுதல் இருந்தால் விடிவதற்கு முன்பே அனுமன்தீர்த்தத்தை முடித்துவிடுங்கள். குழந்தைகளின் சட்டைப் பையில் தொலைபேசி எண் எழுதிய சீட்டை வையுங்கள். வண்டியை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு நடப்பது மேல். ஏற முடியாத முதியவர்களை வற்புறுத்தி இழுத்துப்போக வேண்டாம்; அடிவாரத்திலும் கோயில் இருக்கிறது. அவர்களை அங்கே நிழலில் அமர்த்திவிட்டு, மேலேயிருந்து கொண்டுவரும் தீர்த்தத்தை அவர்கள் கையில் ஊற்றுங்கள்.