ஓடுகிற வால்யூமை பேக்கப் எடுப்பது

சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேக்கப் எடுப்பது எங்கள் வேலையில் தினசரி நடக்கிற காரியம். அதில் உள்ளே என்ன நடக்கிறது என்று உட்கார்ந்து யோசிக்க வைத்தது ஒரு மெயில் சர்வர்தான். எல்விஎம் (டிஸ்க் இடத்தை வால்யூம்களாகப் பிரித்துத் தருகிற லினக்ஸ் அடுக்கு) மேல் பெரிய எக்ஸ்எஃப்எஸ் (ஒரு பைல் சிஸ்டம்) வால்யூம், ராத்திரி பகல் பாராமல் மெயில் வந்து விழுந்துகொண்டே இருக்கும். ஆர்சிங்க் என்கிற நகலெடுக்கும் கருவியைப் போட்டால் முடிய பல மணி நேரம் ஆகும், அது முதல் ஃபோல்டரைப் படித்த நேரத்துக்கும் கடைசி ஃபோல்டரைப் படித்த நேரத்துக்கும் நடுவில் யாராவது ஒரு மெயிலை இங்கிருந்து அங்கே நகர்த்தியிருப்பார்கள். அந்த மெயில் பேக்கப்பில் இரண்டு இடத்தில் இருக்கும், இல்லையென்றால் எங்குமே இருக்காது. எங்குமே இல்லாமல் போவதுதான் வயிற்றைக் கலக்கும்.

ஸ்னாப்ஷாட், அதாவது வால்யூமை ஒரு நொடியில் இருந்தபடியே பிடித்து வைப்பது, தீர்ப்பது இந்தப் பிரச்சினையைத்தான். எடுத்த நொடியிலிருந்து, அசல் வால்யூமில் ஒரு பிளாக் மாறப்போகிறது என்றால் அதன் பழைய உள்ளடக்கம் முதலில் ஸ்னாப்ஷாட்டுக்கு ஒதுக்கிய இடத்துக்கு நகலாகும், அப்புறம்தான் புதியது எழுதப்படும். பேக்கப் எவ்வளவு நேரம் ஓடினாலும் அது பார்ப்பது அந்த ஒரே நொடியைத்தான்.

இங்கே பலரும் சொல்வது, 'ஜர்னல் இருக்கிற பைல் சிஸ்டம்தானே, எந்த நொடியில் எடுத்தாலும் சரியாகிவிடும்' என்பது. ஜர்னல் என்றால் செய்யப்போகிற மாற்றங்களை முன்னதாகக் குறித்து வைக்கிற பதிவு. அவர்கள் சொல்வதில் பாதிதான் உண்மை. ஸ்னாப்ஷாட் என்பது அந்த நொடியில் கரண்ட் போயிருந்தால் டிஸ்க் எப்படி இருந்திருக்குமோ அந்த நிலை. ஜர்னலைத் திரும்ப ஓட்டினால் டைரக்டரி, ஐநோடு (ஒவ்வொரு பைலின் விவரக் குறிப்பு), காலி இடக் கணக்கு எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போகும். ஆனால் எக்ஸ்ட்4 என்கிற பைல் சிஸ்டம் இயல்பாக ஓடுகிற ஆர்டர்டு முறையில் ஜர்னலுக்குள் போவது இந்த மெட்டாடேட்டா மட்டும்தான், பைலுக்குள் இருக்கிற தரவு போவதில்லை. எக்ஸ்எஃப்எஸ்ஸும் அப்படியே. புரோகிராம் பாதி எழுதிய பைல், பாதி எழுதியதாகவே பேக்கப்பில் வந்து உட்காரும். பைல் சிஸ்டத்தைக் கேட்டால் எல்லாம் சரி என்றுதான் சொல்லும், அதன் வரையில் அது சரியும்தான்.

எல்விஎம்மில் ஒரு நிம்மதி உண்டு. ஸ்னாப்ஷாட் எடுக்கச் சொன்னதும் கர்னலில் எல்விஎம்முக்கு அடியில் இருக்கிற டிவைஸ் மேப்பரே மேலே இருக்கிற பைல் சிஸ்டத்தை ஒரு கணம் உறைய வைத்து, நினைவகத்தில் தேங்கியிருப்பதை டிஸ்குக்கு இறக்கி, அப்புறம்தான் எடுக்கும். தனியாக எஃப்எஸ்ஃப்ரீஸ் (உறைய வைக்கிற கமாண்ட்) தேவையில்லை என்று அந்தக் கமாண்டின் மேன் பக்கமே (உதவிப் பக்கம்) சொல்கிறது. ஸ்டோரேஜ் பெட்டியிலிருந்தோ கிளவுட் டிஸ்கிலிருந்தோ ஸ்னாப்ஷாட் எடுக்கும்போது கதை வேறு. மேலே என்ன பைல் சிஸ்டம் இருக்கிறது என்பதே கீழே இருக்கிற பெட்டிக்குத் தெரியாது. அங்கே நாமேதான் உறைய வைத்து, எடுத்து, விடுவிக்க வேண்டும். சிஸ்டமே ஓடுகிற ரூட் பார்ட்டிஷனில் மட்டும் இதைக் கையால் செய்யக் கூடாது, ஏனென்றால் விடுவிக்கிற கமாண்டை அடிக்க முயலும்போது ஷெல்லோ அதன் பின்னால் ஓடுகிற ஏதோ ஒன்றோ அதே டிஸ்கில் எழுதப் போய் மாட்டிக்கொள்ளும்.

நைட் ஷிஃப்டில் இருந்த தம்பி, ஸ்னாப்ஷாட்டைப் படிப்பதற்காக மவுண்ட் செய்ய (சிஸ்டத்தோடு இணைக்க) முயன்று, ஒருநாள் போன் செய்தான். "அண்ணே, ஸ்னாப்ஷாட் மவுண்ட் ஆகமாட்டேங்குது. யூயூஐடி டூப்ளிகேட்னு கர்னல் லாக்ல வருது." எக்ஸ்எஃப்எஸ் அப்படித்தான். அசலும் ஸ்னாப்ஷாட்டும் ஒரே அடையாள எண்ணோடு (யூயூஐடி) இருப்பதால் இரண்டாவதை ஏற்க மறுக்கும், நோயூயூஐடி ஆப்ஷன் கொடுத்தால் ஏறிவிடும். அவன் எங்கேயோ தேடி நோரெக்கவரி ஆப்ஷனையும் சேர்த்து வைத்திருந்தான். அதை எடுத்துவிடச் சொன்னேன். நோரெக்கவரி என்றால் ஜர்னலைத் திரும்ப ஓட்டாதே என்று பொருள், எக்ஸ்ட்4-இல் நோலோடு செய்வதும் அதுதான். ஜர்னலை நம்பித்தானே ஓடுகிற வால்யூமில் கை வைக்கிறோம், அதையே தாண்டிப் போய்ப் படித்தால் கிடைக்கிற பைல்களை எப்படி நம்புவது? எல்விஎம் ஸ்னாப்ஷாட்டில் எழுதவும் முடியும் என்பதால் ஜர்னல் தாராளமாக அங்கேயே ஓடி முடிக்கட்டும். எக்ஸ்ட்4-ஐ ரீட்-ஒன்லி என்று சொல்லி மவுண்ட் செய்தாலும் அது முதலில் ஜர்னலை ஓட்டி டிஸ்கில் எழுதும் என்பது நிறைய பேருக்குத் தெரிவதில்லை.

அப்புறம் இடம். பழைய வகை ஸ்னாப்ஷாட்டுக்கு ஒதுக்கிய இடம் நிரம்பினால் அந்த ஸ்னாப்ஷாட் செல்லாமல் போய்விடும், நடுவழியில் இருக்கிற பேக்கப்புக்குக் கிடைப்பதெல்லாம் படிப்புப் பிழைதான். அசல் வால்யூமுக்கு ஒன்றும் ஆகாது. எவ்வளவு ஒதுக்குவது என்பதற்கு வால்யூம் எவ்வளவு பெரியது என்று பார்ப்பதில் பயனில்லை, பேக்கப் ஓடுகிற நேரத்தில் அதில் எவ்வளவு எழுதப்படுகிறது என்று பார்க்க வேண்டும். லாக் சுருட்டல் (பழைய லாக்கை ஒதுக்கிவிட்டுப் புதியதைத் தொடங்குவது), இண்டெக்ஸ் மறுகட்டமைப்பு எல்லாம் அதே ராத்திரியில்தான் ஓடும். தானாக நீட்டிக்கும் வசதி எல்விஎம் கான்ஃபிக்கில் இருக்கிறது, ஆனால் எவ்வளவு நிரம்பினால் நீட்டிப்பது என்கிற வரம்பு இயல்பாக 100 சதவீதம் என்று வைத்திருப்பார்கள், அதாவது அணைத்து வைத்திருக்கிறார்கள். 70 என்று மாற்றினால் வேலை செய்யும், வால்யூம் குரூப்பில் காலி இடமும் இருக்க வேண்டும். பேக்கப் முடிந்ததும் ஸ்னாப்ஷாட்டை நீக்கிவிடுவதும் முக்கியம், அது இருக்கிற வரை அசலில் எழுதுவது மெதுவாகும்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது டேட்டாபேஸ்கள். ஒரு வாடிக்கையாளர் இடத்தில் மைஎஸ்க்யூஎல் தரவு ஒரு வால்யூமில், அதன் ஸ்டோரேஜ் எஞ்சினான இன்னோடிபியின் ரீடூ லாக் (மாற்றங்களை முதலில் குறிக்கிற பதிவு) வேகத்துக்காக இன்னொரு வால்யூமில். ஸ்கிரிப்ட் இரண்டையும் அடுத்தடுத்து ஸ்னாப்ஷாட் எடுத்தது. இரண்டும் இரண்டு வேறு நொடிகள், தரவுக்கும் லாகுக்கும் பொருந்தாது, ரெக்கவரி நின்றுபோகலாம். 'பூட்டிவிட்டுத்தானே எடுக்கிறோம்' என்றார்கள். ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தால் டேபிள்களை ரீட் லாக்கோடு ஃபிளஷ் செய்கிற கட்டளையைத் தனி மைஎஸ்க்யூஎல் கமாண்டாக ஓட்டியிருந்தார்கள். அந்தக் கமாண்ட் முடிந்ததும் இணைப்பு அறுந்துவிடும், இணைப்பு அறுந்தால் பூட்டும் போய்விடும். அடுத்த வரியில் ஸ்னாப்ஷாட் எடுக்கும்போது பூட்டே கிடையாது. ஒரே இணைப்பைத் திறந்து வைத்தபடி பூட்டி, ஸ்னாப்ஷாட் எடுத்து, அப்புறம் விடுவிக்க வேண்டும். அப்படிப் பூட்டினாலும் இன்னோடிபி பின்னணியில் எழுதுவதை நிறுத்தாது, ஆகவே தரவும் லாகும் ஒரே வால்யூமில் இருந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். போஸ்ட்கிரெஸ்ஸிலும் வேல் கோப்புகள் (அதன் மாற்றப் பதிவுகள்) வேறு டிஸ்கில் இருந்தால் இதே சிக்கல்தான், ஆனால் அதற்கென்று பேக்கப் தொடங்கும் ஃபங்ஷனையே கொடுத்திருக்கிறார்கள், 15-ஆம் பதிப்பில் அதன் பெயர் மாறியது. பழைய ஸ்கிரிப்ட் வைத்திருப்பவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்னாப்ஷாட் இன்னொரு வேலைக்கும் உதவும். சர்வரை நிறுத்தாமல் பைல் சிஸ்டம் நல்ல நிலையில் இருக்கிறதா என்று சோதிக்கலாம். எக்ஸ்ட்4-க்கு இ2ஸ்க்ரப் என்று ஒன்று இருக்கிறது, அது எல்விஎம் ஸ்னாப்ஷாட் எடுத்து அதன் மேல் எஃப்எஸ்சிகே என்கிற சோதனையை ஓட்டுகிறது. எக்ஸ்எஃப்எஸ்ஸில் நான் ஸ்னாப்ஷாட்டை ஒருமுறை மவுண்ட் செய்து ஜர்னலை ஓடவிட்டு, அன்மவுண்ட் செய்து, எதையும் மாற்றாத முறையில் எக்ஸ்எஃப்எஸ் ரிப்பேரை ஓட்டுகிறேன். மவுண்ட் செய்யாமல் நேரே ஓட்டினால் ஜர்னலில் இருப்பதைக் கணக்கில் எடுக்காமல் இல்லாத பிழைகளையெல்லாம் காட்டும். இது சுத்தமாக முடிந்த பிறகுதான் திரும்ப மவுண்ட் செய்து நகலை வேறு இயந்திரத்துக்கு அனுப்புகிறேன், ஏனென்றால் ஸ்னாப்ஷாட் இருப்பது அதே டிஸ்கில்தான், டிஸ்க் போனால் அதுவும் சேர்ந்து போகும்.