இரண்டு கோடுகள்

மே 12, 2021, ஹனோய், வியட்நாம்
விடியும் முன்பே தெரு ஒலிபெருக்கி. கொரோனா எச்சரிக்கை, அப்புறம் தேர்தல், மறுபடி கொரோனா. மாமா கண்ணைத் திறந்து, "என்றைக்கு ஓட்டு?" என்றார். பக்கவாதம் வந்தபின் அவராகக் கேட்ட முதல் கேள்வி.

மே 16
வேட்பாளர் பட்டியலை ஒட்டிவிட்டார்கள். படம் எடுத்து வந்து காட்டினேன். எங்கள் தொகுதிக்கு 3 இடம், 5 பேர். நாடு முழுக்க நாடாளுமன்றத்தின் 500 இடத்துக்கு 866 பேர். தந்தை நாட்டு முன்னணி என்ற ஆளுங்கட்சி சார்ந்த அமைப்பு மூன்று சுற்று சலித்தபின் மிஞ்சியவர்கள். அதில் தானாக மனுப்போட்டவர்கள் 9 பேர்தான். தானாக நிற்கப் போவதாகச் சொன்ன இரண்டு பேர் மார்ச்சில் கைதானார்கள். இந்த வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை. எனக்கு மனசு ஆறவில்லை.

இங்கே பிடித்தவருக்கு முத்திரை கிடையாது. வேண்டாதவர் பெயரை அடிக்க வேண்டும். ஐந்தையும் அடித்தால் செல்லாது.

மே 18
பாக் ஜியாங் மாகாணத்தில் தொழிற்பேட்டைகளை மூடிவிட்டார்கள். அங்கே வேலை பார்க்கும் என் கணவர் விடுதிக்குள்ளேயே. பரிசோதனை முடிவு வரவில்லை.

மே 20
பக்கத்து வீட்டு அக்கா, "தாத்தா சீட்டையும் நானே போட்டுவிடுகிறேன்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். சட்டப்படி கூடாது, ஆனாலும் பல வீடுகளில் ஒருவரே எல்லாருக்கும் போட்டு வருகிறார். மாமா இடது கையை ஆட்டி மறுத்தார். 1946 ஜனவரி 6, முதல் தேர்தல். அவர் அம்மா அவரையும் கூட்டிக்கொண்டு போய்த் தானே போட்டாராம். நோயாளி வீட்டுக்குப் பெட்டி வரவேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. எழுதிக் கொடுத்தேன்.

மே 21
பழைய செய்தித்தாளில் இடது கையால் கோடு போட்டுப் பழகுகிறார். கோடு வழுக்கி அடுத்த வரியில் ஏறுகிறது. அப்படி ஏறினால் அவர் விட்டுவைக்க நினைத்தவரும் போய்விடுவார். ஏற்கெனவே முடிவான தேர்தலுக்கு இவ்வளவு பாடா என்று தமிழில் கத்திவிட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்த கோட்டைப் போட்டார். ராத்திரி தூக்கமில்லை.

மே 22
நெகட்டிவ்.

மே 23
மதியம் இரண்டு ஆகியும் பெட்டி வரவில்லை. ஏழு மணிக்கு வாக்குப்பதிவு முடிகிறது. மூன்று தரம் போய்க் கேட்டேன். எனக்கு ஓட்டில்லை, நான் இந்தியாக்காரி. ஆனாலும் கேட்டேன். ஐந்து மணிக்கு இரண்டு பேர் சின்னப் பெட்டியோடு வந்தார்கள். மூன்று சீட்டு: நாடாளுமன்றம், நகரம், மாவட்டம். மாமா என்னையும் அறைக்கு வெளியே அனுப்பிவிட்டார். அரை மணி நேரம்.

யாரை அடித்தார் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கணவருக்கும் விடுதிக்கே பெட்டி வந்ததாம். கவச உடையில் கொண்டுவந்தார்களாம்.

ஜூன் 10
499 பேர் தேர்வு. வாக்குப்பதிவு 99.60 சதவீதம். தானாக நின்றவர்களில் 4 பேர். மாமா எங்கள் தொகுதி வரியை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன். இன்னொரு தரம் என்றார்.

ஜூன் 11
காலையிலிருந்து மாமாவுக்குக் காய்ச்சல். 38.4.